ஒரே ஜன்னலில் உதயமும் அஸ்தமனமும்

நீங்கள் மூன்று பேரும் தேனியில் நம் டிராவல்ஸ் அலுவலகத்தில் சேர்ந்து இன்னும் ஒரு சீசன்கூட முழுதாக முடியவில்லை. வேலையை விட்ட பிறகு அன்றைக்குச் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்த என்னை உட்கார வைத்து, "அக்கா, குடும்பத்தோட போறவங்களுக்குக் குறைஞ்ச விலையில நல்ல ரூம் எப்படிப் பிடிக்கிறது? சொல்லிக் குடுங்க" என்று கேட்டீர்கள். ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் உட்கார்ந்து யோசித்த பிறகு இதை எழுதுகிறேன்.

விலை குறைந்த அறையைத் தேடிப் பிடிக்க நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. டைரியைப் புரட்டி, ஒவ்வொரு ஹோட்டலுக்கும் போன் போட்டு, ஒரு பகல் முழுக்க நான் செய்த வேலையை நீங்கள் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறீர்கள். ஆனால் தேடிப் பிடித்ததை நம்பலாமா, கூடாதா என்று முடிவெடுக்க வேண்டுமே, அது அன்றைக்கு எவ்வளவு கஷ்டமோ இன்றைக்கும் அவ்வளவு கஷ்டம்தான்.

நான் ஒரு சந்தேகப் பேர்வழி என்று அலுவலகத்தில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். ஆரம்பத்தில் அப்படி இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், போடியிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு மலைமேல் ஒரு ஹோட்டலில் அறை போட்டுக் கொடுத்தேன். விளம்பரத் தாளில் புல்தரை, ஊஞ்சல், பின்னால் தேயிலைச் சரிவு. கைக்குழந்தையோடு போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, புல்தரையும் ஊஞ்சலும் பக்கத்து ஹோட்டலுடையவை. இவர்களுக்குக் கிடைத்தது சுவரில் ஈரம் ஊறிய ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர். ஊர் திரும்பிய அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. விளம்பரத் தாளை என் மேசைமேல் வைத்து, "படத்த நீங்க எடுக்கலைன்னு தெரியும். ஆனா நீங்க குடுத்ததாலதான் நம்புனோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு எதைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம். படத்தில் கடல் தெரிந்தால், எந்த மாடியில் நின்று எடுத்தீர்கள் என்று கேட்பேன். நடந்து போகிற தூரம் என்றால், யார் நடந்தது, எத்தனை வயது என்று கேட்பேன். ஹோட்டல்காரர்கள் சிலர் என் குரலைக் கேட்டதுமே சலித்துக்கொள்வார்கள்.

சலித்துக்கொள்ளாத ஒருவர் இருந்தார். கன்னியாகுமரியில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் இருந்தவர். பதினைந்து வருடம் போனில் பேசியிருக்கிறோம், முகம் பார்த்ததில்லை. அவர் ஒருமுறை சொன்னதை நான் விடாமல் பிடித்துக்கொண்டேன். "வெல கொறஞ்சா சந்தோசப்படாதீங்க, பயப்படவும் செய்யாதீங்க. ஏன் கொறஞ்சுதுன்னு கேளுங்க. காரணம் சொன்னா அது யாவாரம். காரணம் சொல்லத் தெரியலன்னா போனை வச்சிருங்க, பாத்துக்கிடுங்க."

இதுவே போதும் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். பெருமாள் அண்ணன் வந்த அந்த மார்கழி மாதத்தில்தான் இது போதாது என்று தெரிந்தது. மூன்று வருடத்துக்கு முந்தைய கதை.

பெருமாள் அண்ணன் ஆண்டிபட்டிப் பக்கம் தறி நெய்கிறவர். திங்கட்கிழமை காலை, அலுவலகம் திறந்ததும் வந்து நின்றார். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கிளம்ப ஒரு வேன் வேண்டும், முதலில் திருச்செந்தூர், அப்புறம் கன்னியாகுமரி என்றார். எட்டுப் பேர். அவர், மனைவி, இரண்டு மகள்கள், தம்பி குடும்பத்தில் மூன்று பேர், முட்டி தேய்ந்துபோன அவருடைய அக்கா.

"தை பொறந்தா மூத்தவளுக்குக் கல்யாணம் ஆத்தா. அவ போறதுக்கு முன்னால எல்லாருமா ஒருக்க போயிட்டு வந்துருவோம்னு ஒரு ஆசை. நாங்க குடும்பமா வெளியூர்ல தங்குனதே இல்ல. கோயிலுக்குப் போனாலும் அன்னிக்கே திரும்பிருவோம்."

"தங்குறதுக்கு ரூம் பாத்துட்டீங்களாண்ணே? இது ஐயப்ப சீசன், கன்னியாகுமரியில இடமே இருக்காதே."

"அதெல்லாம் மாப்ள பாத்துட்டாக. செல்லுலயே மூணு ரூம் போட்டுட்டாக. ரெண்டு ராத்திரி. ஊருல சொல்ற வெலயில பாதிகூட இல்ல. கெட்டிக்காரவக."

மாப்பிள்ளை என்றது அவர் மகளுக்கு நிச்சயித்திருந்த பையனை. பெயர் சரவணன், வடுகபட்டிக்காரன். தேனியில் சின்னதாக ஒரு செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்தான். பெருமாள் அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பணத்தை அவனிடம் கொடுத்து, அறை போடச் சொல்லியிருக்கிறார்.

நான் கேட்காமலேயே செல்லை நீட்டினார். அதில் இருந்த புக்கிங் சீட்டைப் பார்த்தேன். கன்னியாகுமரியில் இருக்கிற ஹோட்டல்தான், சொல்லப்போனால் எனக்குக் குரல் தெரிந்தவர் வேலை பார்த்த அதே ஹோட்டல். பெயர் சரி. முத்திரை மாதிரி ஒன்றுகூட இருந்தது. கீழே சின்ன எழுத்தில், எல்லா அறைகளின் ஜன்னலிலிருந்தும் சூரிய உதயத்தையும் அஸ்தமனத்தையும் கண்டு களிக்கலாம் என்று போட்டிருந்தது.

கன்னியாகுமரிக் கரையில் நின்றால் இரண்டையும் பார்க்கலாம். ஒரே ஜன்னலில் எப்படிப் பார்ப்பது? கிழக்கும் மேற்கும் ஒரே சுவரிலா இருக்கிறது? மேலும் பார்த்தேன். லேண்ட்லைன் நம்பர் இல்லை. பணம் போயிருந்தது ஹோட்டல் கணக்குக்கு அல்ல, யாரோ ஒரு தனி ஆளின் பெயருக்கு.

"இத யார்ட்டயும் காட்ட வேணாம், ஓட்டலுக்குப் போய்க் காட்டுனாப் போதும்னு மாப்ள சொன்னாக. நீ நம்ம ஆளுன்னு காட்டுறேன்" என்றார் பெருமாள் அண்ணன், சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு எதுவும் சொல்ல வாய் வரவில்லை. வேனுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டு உடனே ஹோட்டலுக்குப் போன் போட்டேன். எனக்குத் தெரிந்த குரல் எடுக்கவில்லை. யாரோ புதிய ஆள். பின்னால் கூட்டத்தின் இரைச்சல். சீட்டில் இருந்த பெயரைச் சொன்னேன். "அந்தப் பேர்ல புக்கிங் இல்ல. எல்லா ரூமும் ஃபுல்லு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

இந்த இடத்தில் நான் செய்த தவறைக் கவனியுங்கள். பாதிக் கேள்வியைத்தான் கேட்டேன். கிடைத்த பாதிப் பதிலை வைத்துக்கொண்டு மீதியை நானே எழுதிக்கொண்டேன். பழைய குரலை இன்னொரு தடவை தேடிப் பிடித்துப் பேசியிருந்தால் அரை நிமிடத்தில் எல்லாம் தெரிந்திருக்கும். செய்யவில்லை.

அதற்குப் பதிலாகச் சரவணனுக்குப் போன் போட்டேன். வேன் விஷயமாகப் பேசுவதுபோல, "தம்பி, கன்னியாகுமரி ரூம் உறுதியாயிருச்சா? வேன்காரர் எங்க நிறுத்தணும்னு கேட்கிறார்" என்றேன்.

"கன்ஃபார்ம்தான்க்கா. நீங்க வேனை மட்டும் பாருங்க. கடையில ஆளு நிக்குது, வச்சிர்றேன்" என்றான்.

உறுதி என்கிறான். ஹோட்டலில் இல்லை என்கிறார்கள். சீட்டை யாரிடமும் காட்டாதே என்று சொல்லியிருக்கிறான். செல்போனில் என்ன வேண்டுமானாலும் செய்யத் தெரிந்தவன். இப்படி ஒரு சீட்டைத் தயாரிக்க அவனுக்குக் கால் மணி நேரம் போதாதா?

மறுநாள் மதியம் அவன் கடைப் பக்கமாகப் போனேன். வேலை ஒன்றும் இல்லை, வேவு பார்க்கத்தான் போனேன். எதிர் டீக்கடையில் உட்கார்ந்து டீ சொல்லிவிட்டு, "கடைக்காரத் தம்பியோட பைக்கைக் காணோமே" என்று பேச்சுக் கொடுத்தேன்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கெழம வித்துட்டாப்ல. வாங்கி ஒரு வருசம்கூட ஆகல. என்னன்னு கேட்டா பேச மாட்டேங்குறாப்ல. செல்லுல சீட்டு வெளையாடுறாய்ங்கள்ல, அந்த மாதிரி எதுலயும் மாட்டிக்கிட்டாப்லயோ என்னமோ."

அவ்வளவுதான். என் மனசுக்குள் எல்லாம் வரிசையாகப் பொருந்திவிட்டது. சூதாட்டத்தில் பணத்தை விட்டிருக்கிறான். மாமனாரின் பணத்தை எடுத்து அதில் போட்டிருக்கிறான். பொய்ச் சீட்டு ஒன்றைச் செய்து அவர் கையில் கொடுத்திருக்கிறான். வெள்ளிக்கிழமை எட்டுப் பேரும் அங்கே போய் நடுத்தெருவில் நிற்கப் போகிறார்கள். தை மாதம் அந்தப் பெண்ணின் கழுத்தில் இவன் தாலி கட்டப் போகிறான். பத்திரிகைகூட அடித்தாகிவிட்டது.

எல்லாம் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஹோட்டல் விளம்பரம் இப்படிக் கச்சிதமாக இருந்தால் சந்தேகப்படுகிற நான், என் தலைக்குள் ஓடிய கதையைச் சந்தேகப்படவில்லை.

யாரிடம் சொல்வது என்பதுதான் அடுத்த கேள்வி. பெருமாள் அண்ணனிடம் சொன்னால் ஊரே கூடிவிடும். சொல்லாமல் விட்டால் பாவம். மகள் கவிதா தேனியிலேயே ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். அன்று மாலை, வேலை முடிந்ததும் வரச் சொன்னேன்.

வந்து உட்கார்ந்தாள். மெலிந்த பெண், நிதானமான பேச்சு. நான் சீட்டில் பார்த்ததைச் சொன்னேன், ஹோட்டலில் சொன்னதைச் சொன்னேன், வண்டி விற்றதைச் சொன்னேன். கடைசியில், "அப்பா கொடுத்த பணத்தை அந்தப் பையன் எடுத்துட்டான்னு நினைக்கிறேன்மா. கல்யாணத்துக்கு முன்னாடியே விசாரிச்சுக்கோ" என்றும் சொல்லிவிட்டேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. அழுவாள் என்று தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

"அக்கா, ரூம் இல்லைன்னு ஓட்டல்ல கேட்டீக. வண்டி வித்தாகன்னு டீக்கடையில கேட்டீக. காசை எடுத்தாகன்னு யார்ட்ட கேட்டீக?"

இருபது வருடத்துக்கு மேல் எத்தனையோ ஹோட்டல் மேனேஜர்களைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். ஒரு கேள்வியில் என்னை யாரும் இப்படி நிறுத்தியதில்லை.

அவள் எழுந்து கைப்பையை மாட்டினாள். "வாங்க. போய் அவர்ட்டயே கேப்போம்."

கடையில் சரவணன் ஒரு செல்லைப் பிரித்துப் போட்டுக் குனிந்திருந்தான். நிமிர்ந்து கவிதாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அவள் பின்னால் என்னைப் பார்த்ததும் அந்த மலர்ச்சி அப்படியே மறைந்தது.

"கன்னியாகுமரியில ரூம் இருக்கா, இல்லையா?" என்று கவிதா கேட்டாள்.

கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

"இல்ல" என்றான்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. செல்லில் பார்த்த விளம்பரம். இன்னும் மூன்றே அறைகள்தான் இருக்கின்றன, கால் மணி நேரத்தில் பணம் போட்டால்தான் இந்த விலை என்று அவசரப்படுத்தினார்கள். போட்டான். சீட்டு வந்தது. அதைப் பெருமாள் அண்ணனுக்கு அனுப்பினான். மறுநாள், பெருமாள் அண்ணனின் அக்காவுக்கு முட்டி வலியாயிற்றே, கீழ்த்தளத்தில் ஓர் அறை தருவார்களா என்று கேட்கக் கூப்பிட்டான். நம்பர் அணைந்திருந்தது. அதன் பிறகுதான் கன்னியாகுமரி ஹோட்டலுக்கே கூப்பிட்டு விசாரித்திருக்கிறான். சீட்டை யாரிடமும் காட்ட வேண்டாம் என்று மாமாவிடம் சொன்னதும் அப்போதுதான்.

உண்மையைச் சொல்கிறேன், அப்போதும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. நடிக்கிறானோ என்று நினைத்தேன். "போலீஸ்ல சொன்னியா தம்பி?" என்று கேட்டேன். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தான். சைபர் போலீஸில் புகார் கொடுத்ததற்கான ரசீது. தேதியைத்தான் முதலில் பார்த்தேன். சனிக்கிழமை. நான் சந்தேகப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே அவன் புகார் கொடுத்துவிட்டான்.

"வண்டி?" என்றாள் கவிதா.

"அதே ஓட்டல்ல நெச வெலைக்கே போட்ருவோம்னுதான் வித்தேன். எங்கன கேட்டாலும் ரூம் இல்லங்குறாய்ங்க. மூணு நாளாத் தேடுறேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"செல்போன் கடை வச்சிருக்கவனே செல்லுல ஏமாந்துட்டான்னா ஊரு என்ன சொல்லும் கவி? மாமா என்ன நெனப்பாக? 'கெட்டிக்காரவக, கெட்டிக்காரவக'ன்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியுறாக."

சொல்லும்போதே அவனுக்குக் குரல் உடைந்தது. திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டான். கவிதா அவன் தோளைத் தொடவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. கோபமாகத்தான் நின்றாள். ஆனால் அவன் திரும்பும்வரை அங்கேயே நின்றாள்.

நான் இடையில் புகுந்தேன். நம் தொழிலில் சின்னச் சின்னப் பொய்கள் கைவசம் இருக்கும், உங்களுக்கும் இதற்குள் நாலைந்து சேர்ந்திருக்கும். "ஹோட்டல்ல குழாய் உடைஞ்சு ரூமை ரத்து பண்ணிட்டாங்கன்னு நானே அப்பாகிட்ட சொல்லிடுறேன். வேற இடம் பார்த்துக்கலாம். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்" என்றேன்.

கவிதா மறுத்துத் தலையை ஆட்டினாள். "வேணாங்க்கா. அப்பாட்ட இவரே சொல்லட்டும். இன்னிக்கே."

வண்டி இல்லாததால் இருவரும் ஆண்டிபட்டி பஸ் ஏறினார்கள். நான் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவளிடம் நான் சொன்ன வார்த்தை, "பணத்தை எடுத்துட்டான்" என்ற அந்த வார்த்தை, அவளோடேயே பஸ் ஏறிப் போனது. திருப்பி எடுக்க முடியாத இடத்தில் அதை வைத்துவிட்டிருந்தேன்.

புதன்கிழமை காலை பெருமாள் அண்ணனும் சரவணனும் சேர்ந்தே அலுவலகத்துக்கு வந்தார்கள். அண்ணன் ராத்திரி தூங்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திட்டித் தீர்க்கப் போகிறார், கல்யாணத்தையே நிறுத்தப் போகிறார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

"மாப்ள, வண்டிய யாருக்கு வித்தீக?" என்றார்.

சரவணன் யாருக்கு என்று சொன்னான்.

"பணம் செலவழிஞ்சுருச்சா?"

"இல்ல மாமா, அப்படியே இருக்கு."

"அப்பப் போய் வண்டியத் திருப்பி வாங்குங்க. கல்யாணம் முடிஞ்சு எம்மக எதுல போவா? நடந்தா?" என்றவர், என் பக்கம் திரும்பினார். "ஆத்தா, காசு போனது போச்சு. எங்கையில இன்னங் கொஞ்சம் இருக்கு. அதுக்குள்ள எங்கனயாச்சும் ஒரு எடம் பாத்துக் குடு. ஒரு ராத்திரி போதும். மூணு ரூம்பு வேணாம், ரெண்டு போதும், பொம்பளைக ஒண்ணு, நாங்க ஒண்ணு. போகாம இருந்தாத்தான் பிள்ளை மனசு சங்கடப்படும்."



நான் கன்னியாகுமரிக்குப் போன் போட்டேன். இந்த முறை பழைய குரல் கிடைக்கும்வரை விடவில்லை. விஷயத்தைச் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். "நம்ம ஓட்டல் பேர்ல எவனோ ஒரு பக்கம் போட்டு ஏமாத்துறான். இதே சீட்டோட இந்த மாசத்துல நாலு குடும்பம் வந்து ரிசப்ஷன்ல நின்னு அழுதாவ. நீங்க அன்னைக்கே எங்கிட்ட கேட்டிருக்கலாமே."

கேட்டிருக்கலாம்.

"இங்க இடம் கெடையாது. நாகர்கோவில்ல பாருங்க" என்றார் அவர். "அங்க யாவார விசயமா வந்து தங்குறவங்கதான் ஜாஸ்தி. வெள்ளி, சனி அவங்க ஊருக்குப் போயிருவாவ. ரூம் காலியா கெடக்கும். வேன் இருக்குல்லா, காலையில அரை மணி நேரத்துல கடலுக்கு வந்திரலாம்."

அவர் சொன்ன லாட்ஜுகளை வரிசையாகக் கூப்பிட்டேன். மூன்றாவதில் இரண்டு பெரிய அறைகள் இருந்தன. விலையைக் கேட்டேன். மிகவும் குறைவு. பெருமாள் அண்ணனும் சரவணனும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் இவ்வளவு குறைச்சலா தர்றீங்க?" என்று நேராகவே கேட்டேன்.

அந்தப் பக்கம் இருந்தவர் தயங்கினார். "லிஃப்ட் ஓடலம்மா. பத்து நாளாச்சு, ஆளு வரல. ரூம் மூணாவது மாடியில."

காரணம் கிடைத்துவிட்டது. ஆனாலும் நான் விடவில்லை. வீடியோவில் காட்டச் சொன்னேன். படியிலிருந்தே காட்டிக்கொண்டு ஏறச் சொன்னேன். குளியலறைக் குழாயைத் திறக்கச் சொன்னேன். போர்வையை விரித்துக் காட்டச் சொன்னேன். அவருக்கு மூச்சு வாங்கியது. "ஏம்மா, பொண்ணு பாக்க வந்தாக்கூட இவ்ளோ கேள்வி கேக்க மாட்டாங்களே" என்றார். பெருமாள் அண்ணன் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் சரவணனும் கொஞ்சம் சிரித்தான்.

முட்டி வலி அக்காவுக்கு என்ன செய்வது என்று கேட்டதும், கீழே மேனேஜர் தங்கும் சின்ன அறையை ஒரு ராத்திரிக்கு விட்டுத் தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம் என்றார் அவர். அதிலும் எனக்குச் சந்தேகம்தான். லாட்ஜ் பெயரில் இருந்த கணக்குக்குக் கொஞ்சமாக முன்பணம் போட்டுவிட்டு, மீதியைச் சாவி வாங்கும்போது தருவதாகச் சொன்னோம். சரி என்றார். முழுப் பணத்தையும் இப்போதே போடு என்று அவசரப்படுத்தாதவரை நான் பாதி நம்புவேன்.

கிளம்பும்போது பெருமாள் அண்ணன் வாசலில் நின்றார். "வேன்ல எடம் கெடக்குல்ல ஆத்தா? மாப்ள, நீங்களும் வாங்க. ஆம்பளைக ரூம்புல ஒரு பாய் போட்டுக்கலாம். கல்யாணத்துக்கு முன்னால வரக்கூடாதும்பாக சொந்தக்காரக. சொல்லிட்டுப் போகட்டும்."

வெள்ளிக்கிழமை ஒன்பது பேராகக் கிளம்பினார்கள். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. சாயங்காலம் சரவணன் ஒரு படம் அனுப்பினான். மேனேஜர் அறைக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் பெருமாள் அண்ணனின் அக்கா, கையில் டீ டம்ளர். சனிக்கிழமை காலையில் பெருமாள் அண்ணனே கூப்பிட்டார். அலைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. "மூணு மாடி ஏறி எறங்கிக் காலு போச்சு ஆத்தா! ஆனா சூரியன் வர்றதப் பாத்துட்டோம். எல்லாரும் ஒண்ணா நின்னு பாத்துட்டோம்" என்றது மட்டும் கேட்டது.

தை மாதம் கல்யாணத்துக்குப் போனேன். மேடை ஏறியதும் சரவணன் மாலையோடு என் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்திலிருந்த தன் சொந்தக்காரர்களிடம், "நான் சிக்கல்ல கெடந்தப்ப என்னையத் தேடி வந்து கேட்டது கவியோட இந்த அக்கா மட்டுந்தான்" என்றான். எல்லாரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். கவிதா அவன் பக்கத்தில்தான் நின்றாள். நான் என்ன சொன்னேன் என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலேயே படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அதன் பிறகு அந்தக் கடை இருக்கும் தெருவைத் தவிர்த்தே நடந்தேன். போன பணம் திரும்பி வரவில்லை என்று கேள்விப்பட்டேன். அந்தப் போலிப் பக்கம் பெயரை மாற்றிக்கொண்டு இன்னும் இருக்கிறது. நீங்களே தேடிப் பாருங்கள், வேறு ஹோட்டல், வேறு படம், அதே அவசரம். அதைச் சந்தேகப்படுங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் சந்தேகப்படுங்கள், அதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு மனிதனைச் சந்தேகப்பட்டதை அவனிடம் சொல்லாமல் உங்களிடம் எழுதுவது சரியில்லை என்று பட்டது. முந்தாநாள் அவன் கடைக்குப் போனேன். கடை பெரிதாகியிருந்தது. வேலைக்கு ஒரு பெண்கூட இருந்தாள். நான் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டேன். "சரவணா, அன்னைக்குக் கவிதாகிட்ட உன்னைத் திருடன்னு சொன்னது நான். நீ மேடையில என்னைப் பெருமையா சொன்னப்ப வாயை மூடிட்டு நின்னேன்."

அவன் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்க்கா. அன்னிக்கு ஆண்டிபட்டி பஸ்லயே கவி சொல்லிட்டா."

"தெரிஞ்சுமா மேடையில அப்படிச் சொன்ன?"

"பொய் ஒண்ணும் சொல்லலையே. வண்டிய வித்ததுல இருந்து தெருவுல அம்புட்டுப் பேரும் என்னையச் சந்தேகமாத்தான் பாத்தாக. எதிர்த்த டீக்கடைக்காரக, பக்கத்துக் கடைக்காரக, எங்க சித்தப்பாகூட. ஒருத்தராச்சும் வந்து என்னடான்னு கேக்கல. நீங்க ரெண்டு பேருதான் கேட்டீக."

"நான் கேட்கல தம்பி. கேட்டது அவதான். நான் அவ பின்னாடி வந்தேன்."

சரவணன் ஒரு ஸ்டூலை இழுத்து, துணியால் துடைத்து, என் பக்கம் நகர்த்திப் போட்டான்.

"வந்தீகல்ல" என்றான்.